யார் அந்தக் கருப்பு?



போன இதழில் எழுதிய கறிவேப்பிலைத் தொக்கு நன்றாக வந்ததென்று பலர் எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். இந்தத் தடவை அடுப்படிக்குக் கொஞ்சம் லீவு. ஒரு மர்மக் கதை சொல்லப் போகிறேன். பாதியில் விட்டுவிடாதீர்கள், நமக்கு வேண்டிய விஷயம் கடைசியில்தான் இருக்கிறது.

பத்து நாளைக்கு முன்னால் ஒரு ராத்திரி. மணி பதினொன்று இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தவள், பெண் படுத்திருக்கும் அறையை எட்டிப் பார்த்தேன். போர்வைக்குள்ளிருந்து வெளிச்சம்! பிளஸ் ஒன் படிக்கிறவள். விடிந்தால் பரீட்சை வேறு. 'இன்றைக்கு அந்த செல்போனுக்கு ஒரு வழி பண்ணிவிடுகிறேன்' என்று போய்ப் போர்வையை இழுத்தால், உள்ளே அவள் மட்டுமில்லை, ஒட்டிக்கொண்டு என் மாமியாரும்! எழுபது வயசு. ஒயரின் ஒரு முனை பேத்தி காதில், மறு முனை பாட்டி காதில்.

"அத்தை, நீங்களுமா?"

"சத்தம் போடாதேடி. கருப்பு வர்ற நேரம்!"

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. நானும் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். 'மர்மதேசம்', அதிலும் 'விடாது கருப்பு'! இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே அத்தை வீட்டுக் கூடத்தில், இதே அத்தைக்குப் பக்கத்தில், கை விரல் இடுக்கு வழியாக நான் பார்த்த அதே குதிரை.

இளம் வயசுச் சகோதரிகளுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 'மர்மதேசம்' என்பது ஒரே கதை இல்லை. அந்தப் பெயரில் ஒன்றன் பின் ஒன்றாகப் பல கதைகள் வந்தன. எல்லாம் எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதியவை. கே. பாலசந்தர் அவர்களின் நிறுவனத் தயாரிப்பு. முதலில் வந்தது 'ரகசியம்'. சித்தர்கள் வாழ்ந்த மலைப் பக்கம் ஒரு கோயில், அங்கே ஒரு நவபாஷாண லிங்கம், ராத்திரி அங்கே தங்குகிறவர்கள் உயிரோடு திரும்புவதில்லை என்று கதை போகும். ஆனந்த விகடனில் தொடராக வந்து பலர் படித்த கதைதான் அது. அடுத்து 1997-ல் சன் டி.வி.யில் வந்தது 'விடாது கருப்பு'. 'விட்டு விடு கருப்பா' என்ற அவருடைய நாவலை வைத்து எடுத்தது. இந்த இரண்டையும் இயக்கியவர் நாகா. பிறகு 'சொர்ண ரேகை', 'இயந்திரப் பறவை', 'எதுவும் நடக்கும்' எல்லாம் வந்தன. ஆனால் எங்கள் தெருவைக் கேட்டால் 'மர்மதேசம்' என்றாலே கருப்புதான்.

எங்கள் தெரு பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறது. காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்க வந்தவர்கள் பெரிய கடைத் தெருவோடு திரும்பிப் போய்விடுவார்கள். அந்தப் புடவை பிறக்கிற இடம் எங்கள் பக்கம். அப்போது வீட்டுக்கு வீடு குழித்தறி. விடிந்தால் 'டக் டக்'கென்று ஆரம்பிக்கிற சத்தம் விளக்கு வைத்த பிறகும் ஓயாது. அது நான் பத்தாவது முடித்துவிட்டு அப்பாவோடு தறியில் உட்கார்ந்த வருஷம். கோர்வைச் சேலைக்கு ஒருத்தர் நெய்தால் போதாது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்பதால் கரைப் பக்கம் உட்கார்ந்து நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான்.

தெருவில் கேபிள் போட்ட டி.வி. நாலைந்து வீட்டில்தான் உண்டு. அதில் பெரியது அத்தை வீட்டில். அப்பாவுடைய அக்காதான் அத்தை. பிற்பாடு எனக்கு மாமியாராகவும் ஆகிவிட்டார். வாரத்துக்கு ஒரு நாள்தான் சீரியல். அன்றைக்கு மட்டும் தெருவே சீக்கிரம் தறியை நிறுத்திவிடும். அவசரமாக முந்தி ஓட்ட வேண்டியிருந்தால்கூட "நாளைக்குப் பார்த்துக்கலாம், முதலாளி ஓடியா போயிடுவாரு" என்று அப்பா எழுந்துவிடுவார். கூடத்தில் ஆண்கள் சுவரோரம், பெண்கள் நடுவில், குழந்தைகள் முன் வரிசை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பத்துப் பேர். அத்தையின் கடைக்குட்டிப் பெண்ணுக்கு அப்போது ஏழு வயசு. என் மடியை விட்டு இறங்க மாட்டாள். கருப்பு வரப்போகிற இசை ஆரம்பித்ததும் என் கையை இழுத்துத் தன் கண்ணைப் பொத்திக்கொள்வாள். "போயிடுச்சா அக்கா?" என்று இடுக்கு வழியாகக் கேட்பாள். அவளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவாள்.

கதை ரொம்ப எளிமை. தோட்டக்காரமங்கலம் என்று ஒரு கிராமம். அங்கே காவல் தெய்வம் கருப்பசாமி. ஊரில் யார் தப்புத் தண்டா செய்தாலும் ராத்திரியில் குதிரைக் குளம்படிச் சத்தம் கேட்கும். தப்புச் செய்தவன் கதை முடிந்துவிடும். இது சாமி தருகிற தண்டனையா, சாமி பெயரில் மனுஷன் செய்கிற கொலையா? யார் அந்தக் கருப்பு? அவ்வளவுதான் கேள்வி. அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நாட்டையே மாதக் கணக்கில் கட்டிப் போட்டார்கள்!

ஒரு வாரம் காத்திருக்க வேண்டுமே என்று இப்போது என் பெண் ஆச்சரியப்படுகிறாள். 1979-ல் அத்தி வரதரைச் சேவித்துவிட்டு அடுத்த தரிசனத்துக்கு 2019 வரை காத்திருந்த ஊர் எங்களுடையது. ஒரு வாரம் எங்களுக்கு ஒரு பொருட்டா? சொல்லப் போனால் காத்திருந்த அந்த ஆறு நாளில்தான் ருசியே. அடுத்த நாள் காலையிலிருந்து பாவு தோய்க்கிற இடத்தில், குழாயடியில், ரேஷன் கடை வரிசையில் எல்லாம் இதே ஆராய்ச்சி. "அந்த ஆள் முழியே சரியில்லை, அவன்தான்" என்பார் ஒருத்தர். "இவ்வளவு வெளிப்படையா முழிச்சா அவன் இல்லேன்னு அர்த்தம்" என்பார் இன்னொருத்தர். ஒரு வாரம் யாராவது பார்க்காமல் விட்டுவிட்டால் அவர்களுக்குக் கதை சொல்வதற்கே தனியாக ஒரு ஆள் இருந்தார். சீரியலில் வராத பயமெல்லாம் அவர் சொல்லும்போது வரும்!

அத்தைக்கும் அப்பாவுக்கும் பந்தயம் வேறு. "அது சாட்சாத் கருப்பசாமியேதான். வேற யாரும் இல்லை" என்பது அத்தை கட்சி. "எல்லாம் மனுஷன் வேலைக்கா. சாமிக்குக் குதிரை எதுக்கு?" என்பது அப்பா கட்சி. அத்தை தோற்றால் தெருவுக்கே குடலை இட்லி. அப்பா தோற்றால் அத்தைக்குக் கோர்வை போட்ட ஒரு ரவிக்கைத் துண்டு. அக்காவும் தம்பியும் மாதக் கணக்கில் இதை வைத்து வம்பளந்தார்கள்.

எங்கள் ஊரில் மயில் கழுத்து நிறம் என்று ஒரு புடவை உண்டு. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். இந்தப் பக்கம் திருப்பினால் நீலம், அந்தப் பக்கம் திருப்பினால் பச்சை. இரண்டும் நிஜம். இந்திரா சௌந்தர்ராஜன் கதைகளும் அந்த மாதிரிதான். பக்தி உள்ளவர்கள் ஒரு பக்கம் பார்க்கலாம், பகுத்தறிவு பேசுகிறவர்கள் இன்னொரு பக்கம் பார்க்கலாம், இரண்டு பேரும் முடிவைத் தெரிந்துகொள்ள உட்கார்ந்தே இருக்க வேண்டும். அவர் மதுரையில் வாழ்ந்தவர், 2024 நவம்பரில் காலமானார். அன்றைக்கு டி.வி.யில் செய்தி வந்தபோது அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம கருப்பு எழுதினவரா?" என்று கேட்டார். சாயங்காலம் விளக்கு ஏற்றியபோது அவருக்காகவும் கும்பிட்டார். முகம் பார்த்துப் பழகாத ஒரு மனிதருக்கு!

நடித்தவர்களையும் மறக்க முடியாது. பேச்சிக் கிழவியாக வந்தவர் சி.டி. ராஜகாந்தம். அந்தக் காலத்து நாடக மேடையிலும் சினிமாவிலும் சிரிக்க வைத்தவர், இதில் ஒரு பார்வையிலேயே நடுங்க வைத்தார். சேத்தனும் தேவதர்ஷினியும் இந்தத் தொடரில் சேர்ந்து நடித்துப் பிறகு நிஜத்திலும் தம்பதி ஆனார்கள். அது தெரிந்தபோது எங்கள் தெருப் பெண்கள் சொந்த வீட்டுக் கல்யாணம் மாதிரி சந்தோஷப்பட்டார்கள்.

இந்த மாதிரிப் பைத்தியம் நமக்கு மட்டும்தானா என்று நினைத்திருந்தேன். இல்லையாம். 1990-ல் அமெரிக்காவில் 'ட்வின் பீக்ஸ்' என்று ஒரு தொடர் வந்ததாம். ஒரு சின்ன ஊரில் லாரா பால்மர் என்ற பெண் கொலையாகிறாள். கொன்றது யார் என்ற ஒரே கேள்விக்காக அந்த நாடே டி.வி. முன்னால் கிடந்ததாம். பதிலை நடுவிலேயே சொல்லிவிட்டதும் பார்க்கிற கூட்டம் குறைந்துபோய்த் தொடர் 1991-ல் நின்றுவிட்டது என்று என் பெண் படித்துச் சொன்னாள். ஆனால் அதன் ரசிகர்கள் விடவில்லை. இருபத்தாறு வருஷம் கழித்து, 2017-ல், மறுபடி எடுக்க வைத்துவிட்டார்கள். தோட்டக்காரமங்கலமானாலும் சரி, அமெரிக்காவானாலும் சரி, மனுஷ மனசு ஒன்றுதான்!

சரி, நம் கதைக்கு வருவோம். இதுவரை பார்க்காதவர்கள், இனிமேல் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இருந்தால் இந்த ஒரு பாராவை மட்டும் தாண்டிவிடுங்கள். முடிவில் கருப்பு யார் என்றால், சாமியும் இல்லை, கெட்டவனும் இல்லை. சின்ன வயசில் பாட்டி வாயால் கருப்பசாமி கதைகளைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த ஒரு பையன். அவன் மனசு ஒன்று இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி தன்னையே கருப்பு என்று நம்பிவிடுகிறது. ஒரு பாதி செய்வது மறு பாதிக்குத் தெரியாது. இத்தனை நாள் நாம் யாரைப் பார்த்து நடுங்கினோமோ அவன் ஒரு நோயாளி! அதை மனோதத்துவ ரீதியாக நிதானமாக விளக்கினார்கள். கூடத்தில் ஒருத்தரும் பேசவில்லை. அப்பா ஜெயித்துவிட்டார், ஆனால் அவரும் குதிக்கவில்லை. "பாவம்டா அந்தப் புள்ளை" என்றார் அத்தை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மந்தாரை இலை வைத்துக் குடலை இட்லி வந்தது. மிளகும் சுக்கும் தூக்கலாக, தெருவே சாப்பிட்டோம். "இட்லி நான் தோத்ததுக்கு. கருப்பு இல்லேன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க" என்று அத்தை கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் இது வெறும் பழைய ஞாபகம். இந்தப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் வேறு.

என் மடியில் உட்கார்ந்து கண்ணைப் பொத்திக்கொண்டாளே, அந்த ஏழு வயசுக் குழந்தை. நான் அந்த வீட்டுக்கே மருமகளாகப் போனதும் 'அக்கா' என்று கூப்பிட்டவள் 'அண்ணி' என்று மாற்றிக்கொண்டாள். அவளுக்குக் கல்யாணமாகி 2012-ல் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சுகப்பிரசவம், ஆண் குழந்தை. ஒரு வாரம் வரைக்கும் எல்லாம் நல்லபடியாகவே இருந்தது. அப்புறம் அவள் தூங்குவதை நிறுத்திவிட்டாள். குழந்தை தூங்கினாலும் அவள் தூங்க மாட்டாள். சுவரைப் பார்த்து முணுமுணுப்பாள். "இது என் குழந்தை இல்லை, மாத்திட்டாங்க" என்றாள். தறிக் குழிக்குள்ளேயிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள் என்றாள். ஒரு ராத்திரி அவள் குரலே மாறிப் போயிருந்தது. கனமாக, அதட்டலாக. எனக்குக் கை கால் ஜில்லிட்டுவிட்டது.

வீட்டில் என்ன சொல்வார்கள் என்று நீங்களே யூகித்திருப்பீர்கள். "பச்சை உடம்புக்காரி, காத்து கறுப்பு பட்டிருக்கும்" என்றார் பக்கத்து வீட்டம்மா. ஒரு கிராமத்தில் மந்திரிக்கிறவர் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, கயிறு வந்தது, திருநீறு வந்தது. மூன்று நாள் அப்படியே போயிற்று. நாலாம் நாள் அவளையே அங்கே கொண்டுபோய் ராத்திரி தங்க வைக்க வேண்டும், கட்டிப் போட்டாலும் பயப்படக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வண்டியும் பேசியாகிவிட்டது.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. டாக்டரிடம்தான் போக வேண்டும் என்று எதிர்த்துப் பேச எனக்குத் தைரியமும் இல்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அத்தை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அழுதபோது என்னையும் அறியாமல் கேட்டுவிட்டேன். "அத்தை, நீங்க இட்லி சுட்டீங்களே, எதுக்கு?"

அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"கருப்புன்னு நாம நெனச்சது அந்தப் பையனோட மனசு நோவுன்னு தெரிஞ்சப்போ, பாவம் அந்தப் புள்ளைன்னு நீங்கதானே சொன்னீங்க? அவனை ஒரு டாக்டர்கிட்ட முன்னாடியே காட்டியிருந்தா எத்தனை உசிரு பொழைச்சிருக்கும்னு அப்பாகிட்டப் பேசினீங்களே. இவளுக்கு மட்டும் ஏன் அத்தை அதை யோசிக்க மாட்டேங்கறோம்?"

அத்தை ரொம்ப நேரம் பேசவே இல்லை. குழந்தையை என் கையில் கொடுத்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். "வண்டியை வேண்டாம்னு சொல்லு. ஆட்டோ கூப்பிடு. முதல்ல டாக்டர், அப்புறம் சாமி" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரம்மா பார்த்தார். அரை மணி நேரம் கேள்வி கேட்டார். இது பிரசவத்துக்குப் பிறகு வருகிற ஒரு மனநோய், ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் ஆரம்பிக்கும், நன்றாகக் குணமாகும் என்று பொறுமையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "இன்னும் தாமதம் பண்ணியிருந்தா தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து" என்றார். எங்களுக்குத் தலை நிமிரவில்லை. மூன்று நாளைக் கயிற்றிலும் திருநீற்றிலும் கழித்தவர்கள் ஆயிற்றே! உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். மூன்று வாரம் ஆயிற்று. ஒரு நாள் காலையில் நான் கஞ்சி கொண்டுபோனபோது, "அண்ணி, அவன் பால் குடிச்சானா?" என்று அவளுடைய சொந்தக் குரலில் கேட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அந்த வருஷக் கார்த்திகையில் அத்தை கச்சபேஸ்வரர் கோயிலில் மண்டை விளக்கு எடுத்தார். தலை சம்பந்தமான நோய் தீர வேண்டிக்கொண்டு, கார்த்திகை ஞாயிற்றுக்கிழமையில் மாவிளக்கைத் தலையில் வைத்துச் சுற்றி வருவது எங்கள் ஊர்ப் பிரார்த்தனை. அத்தைக்குப் பின்னால் பெண்ணும் நடந்தாள். அவள் இடுப்பு முடிச்சில் மாத்திரை அட்டை இருந்தது. கோயிலும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். எது முதலில் என்பதுதான் கேள்வி.

அந்த வண்டியில் அவளை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. அங்கே மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள், ஓட முடியவில்லை. 28 பேர் போய்விட்டார்கள். அவர்களும் யாரோ வீட்டு மகள், யாரோ வீட்டு மகன். மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் கண்டிப்பாகச் சொல்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சின்ன வயசில் சீரியல் பார்த்ததால் அவளுக்கு இது வரவில்லை. சீரியலில் அந்தப் பையனுக்கு வந்த நோய் வேறு, இவளுக்கு வந்தது வேறு. ஆனால் 'பேய்' என்று ஊர் சொல்வதற்குப் பின்னால் ஒரு நோவு இருக்கலாம், அதற்கு மருந்தும் இருக்கலாம் என்ற ஒரு விஷயம் அந்தக் கூடத்தில் அன்றைக்கு எங்கள் காதில் விழுந்ததே, அது பதினைந்து வருஷம் கழித்து ஒரு பெண்ணையும் ஒரு குழந்தையையும் காப்பாற்றியது.

இளம் தாய்மார்களும், அவர்களைப் பார்த்துக்கொள்கிற அம்மா, மாமியார்களும் இந்த நாலு விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்:

* பிரசவமான முதல் சில நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். முக்கால்வாசிப் பேருக்கு வரும். தூக்கமும் ஆதரவும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். 'எல்லாரும் பெத்துக்காததா?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

* இரண்டு வாரத்துக்கு மேலும் வாட்டம், குழந்தைமேல் பற்றில்லாமை, 'நான் எதுக்கு இருக்கணும்' என்ற பேச்சு இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அது திமிரும் இல்லை, சோம்பலும் இல்லை.

* ராத்திரி பகலாகத் தூங்காமை, சம்பந்தமில்லாத பேச்சு, யாரோ பேசுவது காதில் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமான சந்தேகம் இதெல்லாம் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதுவரை தாயையும் குழந்தையையும் தனியாக விடக்கூடாது. மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது, பால் கொடுக்கலாமா என்பதையும் டாக்டரையே கேட்க வேண்டும்.

* ஒரு தடவை இப்படி வந்தவர்கள் அடுத்த பிள்ளை உண்டாகும்போதே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசாங்கத்தின் 'டெலி மானஸ்' எண் 14416-க்குப் போன் செய்யுங்கள். காசு கிடையாது. ராத்திரியிலும் தமிழிலேயே பேசுவார்கள்.

என் நாத்தனாரைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க அண்ணி. பேரை மட்டும் போட்டுடாதீங்க" என்றாள். அவளுடைய பையனுக்கு இப்போது பதின்மூன்று வயசு. போன லீவுக்கு வந்தபோது 'விடாது கருப்பு' பார்க்க ஆரம்பித்து, பாட்டிக்கும் என் பெண்ணுக்கும் நடுவில் போர்வைக்குள் அவனும் ஒருத்தன்! அவன் அம்மா மட்டும் இன்னும் விரல் இடுக்கு வழியாகத்தான் பார்க்கிறாள்.

நேற்று ராத்திரி என் பெண் பாட்டியைக் குடைந்துகொண்டிருந்தாள். "பாட்டி, நீங்க முன்னாடியே பார்த்திருக்கீங்கல்ல? யாரு பாட்டி அந்தக் கருப்பு? சொல்லிடுங்களேன்!"

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"கடைசிவரைக்கும் பாரு. நீ பயந்து பயந்து பார்த்தது யாருன்னு தெரியறப்போ உனக்கே அழுகை வரும். குடலை இட்லிக்கு அரிசி ஊறப் போடட்டுமா?"

அடுத்த இதழில் அந்தக் குடலை இட்லியின் பக்குவத்தோடு சந்திக்கிறேன், சகோதரிகளே!